தகவல் தந்தவர்

காலையில் வந்த கோப்பு பதினான்கு பக்கம். பெரு நாட்டில் ஏதோ ஓர் ஊரில் அறுபத்தெட்டு வயது ஆள் ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். முதல் பக்கம் முழுக்கச் சுருக்கங்கள். HTA என்றால் இரத்தக் கொதிப்பு, அதை HTN என்று மாற்ற வேண்டும். IRC என்றால் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, ஆங்கிலத்தில் CKD. அவர்கள் TA என்பது நமக்கு BP. வாக்கியங்களை இயந்திரமே பெயர்த்துவிடுகிறது. சுருக்கங்களில்தான் தடுக்கி விழுகிறது. அது விழும் இடங்களுக்குத்தான் எனக்குச் சம்பளம். விருதுநகரில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போனேன். மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் கம்பெனி. அவர்களே ஆறு மாதம் ஸ்பானிஷ் வகுப்பு வைத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள், சொந்த ஊரான விஸ்வநத்தத்துக்குத் திரும்பிவிட்டேன். இன்றுவரை ஒரு ஸ்பானியரைக்கூட நேரில் பார்த்ததில்லை. அந்த மொழியில் ஒரு டீ வாங்கத் தெரியாது. ஆனால் ஒரு ஆளுக்குச் சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று சொல்லத் தெரியும்.

என் மனைவி வேல்விழி இருந்தபோது சாயங்காலம் கேட்பாள். "இன்னைக்கு எந்த ஊருக்காரனுக்கு என்ன நோவு?" சொல்வேன். "பொளச்சுக்கிட்டானா?" என்பாள். தெரியாது, எனக்கு அந்த ஒரு கோப்புதான் வரும் என்பேன். "இதெல்லாம் ஒரு வேலை" என்று எழுந்து போய்விடுவாள்.

ஏணிக்காரரின் மூன்றாவது பக்கத்தில் இருந்தபோது வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. சங்கிலிமுத்துவும் பானுப்பிரியாவும். பானு, வேல்விழியின் தங்கை. சங்கிலிமுத்து அவள் கணவன், எனக்குச் சகலை. பானு வண்டியிலிருந்து ஒரு கையை இடுப்பில் ஊன்றி மெதுவாக இறங்கினாள். ஐந்து மாதம். சங்கிலிமுத்துவின் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது.

"வேலையில இருக்கீகளா சகல?"

"வாங்க."

அவன் உட்காரவில்லை. பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தான். மதுரை ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட், நகல், பதினோரு பக்கம். "எழுதிக் குடுத்து ஒன்றர மாசம் ஆச்சு. நேத்துதான் குடுத்தாக. புருசன் யாருன்னு கேட்டாக. நாந்தான்னு கையெழுத்துப் போட்டு வாங்கியாந்தேன்." கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

என் மனைவியின் கேஸ் ஷீட்டை வாங்கும் உரிமை அவனுக்குத்தான் உண்டு. ஏனென்றால் காகிதத்தில் இறந்து போனவள் என் மனைவி இல்லை.

எங்கள் பக்கத்தில் இதைப் பேருக்குப் போறது என்பார்கள். பட்டாசுக் கம்பெனிப் பதிவேட்டில் பெயர் உள்ளவளுக்குக் காய்ச்சல், பிள்ளைக்கு அம்மை, வீட்டில் சடங்கு என்றால் அவள் அக்காவோ நாத்தனாரோ அவள் கார்டை எடுத்துக்கொண்டு அவள் பெயரில் போய் வேலை பார்த்துவிட்டு வருவாள். ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று விதி இருக்கிறது. பெயரும் தலையும் எண்ணிக்கையில் சரியாக இருந்தால் போதும். சீசன் நேரத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வராதவளின் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அடித்த பெயரைத் திரும்ப ஏற்றுவது லேசில் நடக்காது. அதனால் யாரும் இதைத் தப்பு என்று நினைப்பதில்லை. போன ஆடியில் பானுவுக்கு டெங்கு. வேல்விழி கல்யாணத்துக்கு முன் அதே கம்பெனியில் ஆறு வருடம் வெடிமருந்து நிரப்பியவள். நான் என் கம்பெனிக் கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தேன். போனில் சொன்னாள். "பானுவுக்கு எந்திரிக்க முடியல. ரெண்டு நாள் அவ பேருக்குப் போயிட்டு வந்துருதேன்." எதிரே திரையில் புதிய சுருக்கப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. சரி என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பத்தரை மணிக்கு அறை வெடித்தது. நான் மறுநாள் காலை மதுரையில் இறங்கியபோது பிணவறைக் காகிதங்கள் எல்லாம் முடிந்திருந்தன. பானுப்பிரியா, வயது 24, க/பெ சங்கிலிமுத்து. அப்போது யாருக்கும் அதை மாற்றச் சொல்லத் தோன்றவில்லை. மாற்றினால் மறுபடி அறுப்பார்கள், நாலு நாள் ஆகும், உடம்பு தாங்காது என்று யாரோ சொன்னார்கள். சங்கிலிமுத்து கையெழுத்துப் போட்டு வாங்கினான். நான் பக்கத்தில் நின்றேன். நிவாரணம் இன்றுவரை விசாரணையில் கிடக்கிறது. அதை யாரும் கேட்கவும் இல்லை.

"நர்ஸம்மா நேத்தும் வந்துச்சு மச்சான்" என்றாள் பானு. "மாசமா இருக்கவுகளப் பதியுற நம்பரு விளவே மாட்டேங்குதாம். எம் பேரப் போட்டா இறந்தவுகன்னு காட்டுதாம். நம்பர் இல்லன்னா இன்சூரன்சு கார்டு கிடையாது, பிள்ளைக்கு சர்ட்டிபிகேட்டும் கிடையாதாம். நஞ்சுக்கொடி கீள இருக்குன்னு ஸ்கேன்ல சொல்லிருக்காக. வயித்தக் கீறித்தான் எடுக்கணுமாம். நா இன்னாருன்னு காகிதம் இல்லாம எப்படிப் போய்ப் படுக்க?"

"தாலுகா ஆபீஸ்ல கேட்டுட்டேன்" என்றான் சங்கிலிமுத்து. "செத்தது வேறாளுன்னு, நெசமாச் செத்தவுக புருசன் எழுதித் தரணுமாம். கூடவே ஆதாரம் வேணுமாம். நீங்கதான் டாக்டர் எளுத்து படிப்பீகளே. அதான்."

ஏழு மாதமாக இதைத் தள்ளிப் போட்டது நான்தான். அவர்கள் இரண்டு தடவை கேட்டார்கள், பார்ப்போம் என்றேன். ரேஷன் கார்டில் வேல்விழி பெயர் அப்படியே இருக்கிறது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவரிடம், கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவர் டிக் போட்டுவிட்டுப் போனார். பொய் சொன்னதாகக்கூடத் தோன்றவில்லை.

தாள்களை எடுத்தேன். தினமும் செய்கிற வேலைதான். சங்கிலிமுத்து அடுப்படியில் போய்த் தண்ணீர் மொண்டு குடித்தான். பானு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். TBSA 70% என்று இருந்தது. எரிந்த உடற்பரப்பு. ஸ்பானிஷில் SCQ. இதை எத்தனை முறை மாற்றியிருக்கிறேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்தில் உள்ள எண்ணைச் சரிபார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். இங்கும் போனேன். நான்காவது பக்கத்தில் இரத்தம் ஏற்றிய குறிப்பு. AB நெகட்டிவ்.

"பானு, உனக்கு என்ன குரூப்பு?"

"ஓ பாசிட்டிவு. ஸ்கேன் சீட்டுல இருக்கு."

"இதுல ஏபி நெகட்டிவ். வேல்விழிது. கல்யாணத்துக்கப்புறம் நான்தான் கூட்டிட்டுப் போய்ப் பாத்தேன், ரிப்போர்ட் இருக்கு. இது போதும்."

சங்கிலிமுத்து மூச்சை விட்டான். "அப்பாடி. மாரியாத்தா."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நான் மூடுவதில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். மதியம் 1.20. சாய்ந்த கையெழுத்தில் மூன்று வரி. முதல் வரி, நினைவு இருக்கிறது, இடம் காலம் தெரிகிறது. இரண்டாவது, பெயர், கணவர் பெயர். மூன்றாவது, H/O by pt. herself.

ஸ்பானியக் கோப்புகளில் இது பக்கத்துக்கு நாலு முறை வரும். Pte. ref. நோயாளி தெரிவிக்கிறார். வேலையில் சேர்ந்தபோது எங்கள் டீம் லீடர் சுகிர்தா இதற்காகவே ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். "குடிக்கிறதில்லைன்னு பேஷன்ட் சொல்வான், டாக்டர் எழுதுவார். உண்மையா பொய்யான்னு நமக்கு என்ன? அவன் தெரிவிக்கிறான். நீங்க 'தெரிவிக்கிறான்'னு மட்டும் போடுங்க."

"என்ன மச்சான்?" என்றாள் பானு.

"ஒன்னுமில்ல."

"அக்கா பேசுச்சா?"

பேசுவதற்கு முன்னால் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். பிறகு வேலையில் படிப்பது போலவே படித்துக் காட்டினேன். "நோயாளி நினைவுடன் இருக்கிறார். தன் பெயர் பானுப்பிரியா என்றும், கணவர் பெயர் சங்கிலிமுத்து என்றும் தெரிவிக்கிறார். தகவல் தந்தவர், நோயாளியே."

சங்கிலிமுத்து சொம்பைக் கீழே வைத்தான். வைத்த சத்தம் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவும் இல்லை, பானுவைப் பார்க்கவும் இல்லை. "அய்யோ, எங்க மதினி" என்றான். பானு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இத்தனை நாளும் அந்தப் பெயரைச் சொன்னது போர்மேன் ராக்கப்பன் என்றே நான் நம்பியிருந்தேன். ஆள் மாற்றி விட்டதை மறைக்க அவர்தான் ஆஸ்பத்திரியில் பெயரை மாற்றிச் சொன்னார் என்று. காரியம் முடிந்த வாரம் பேருந்து நிலையத்தில் அவர் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பித்தான் போனது. "நான் சொல்லல தம்பி" என்றார். சட்டையை விட்டுவிட்டு வந்தேன், நம்பவில்லை.

அன்று ஏணிக்காரரை முடிக்கவில்லை. கணினியை மூடினேன்.

மனுவுக்குச் சாட்சி வேண்டும், அன்றைக்கு உள்ளே போனது வேல்விழிதான் என்று சொல்லக் கம்பெனியில் இருந்த ஒருவர். உடன் வேலை செய்த மூன்று பேரும் உயிரோடு இல்லை. ராக்கப்பன் மட்டும்தான். விபத்துக்குப் பிறகு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது ஓர் அச்சகத்தில் பண்டல் கட்டுகிறார். மறுநாள் பத்து மணிக்கு அச்சகத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். சட்டைக் கையில் ஊதா மை அப்பியிருக்க வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"சட்டையப் பிடிக்க வந்தீகளா, கையப் பிடிக்க வந்தீகளா?"

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எனக்கு இங்கிலீசு வராது. விசயத்தச் சொல்லுங்க."

சொன்னேன். கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினார். ஆற வேண்டிய அளவு ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வண்டியில நாந்தான் கூட இருந்தேன் தம்பி. திருமங்கலம் தாண்டும்போது சொன்னேன், ஏ தாயி, உன் பேரச் சொல்லிரு, எம் வேலை போனாப் போவுதுன்னு. அந்தப் பிள்ள என்ன கேட்டுச்சு தெரியுமா? 'கம்பெனில பானு பேர எடுத்துருவாகளா அண்ணாச்சி'ன்னு கேட்டுச்சு. எடுக்க மாட்டாகன்னேன். 'நாளைக்கும் மறாநாளும் வல்லன்னா?'ன்னுச்சு. நான் லீவு போட்டுக்கிடுதேன்னேன். என்னத்தச் சொல்ல அப்ப?"

"இத ஏன் அன்னைக்கே என்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? பித்தானத்தான பிச்சீக." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார், மை கன்னத்தில் ஒட்டியது. "என்னைக்கு வரணும்?"

நாளைக்கும் மறாநாளும். எழுபது சதவீதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இல்லை, தெரிந்தும்தான் கேட்டாளா? எந்தப் பக்கமும் என்னால் உறுதியாக நிற்க முடியவில்லை. டீக்கடையில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இன்னொரு டீ சொல்லி, குடிக்காமல் வந்தேன்.

வியாழக்கிழமை நான்கு பேரும் தாலுகா அலுவலகம் போனோம். ராக்கப்பன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். துணை தாசில்தார் சங்கரலிங்கம் ஐம்பது வயதுக்காரர், பொறுமையானவர். மனுவை இரண்டு முறை படித்தார். இரத்தப் பரிசோதனைத் தாளை ஸ்கேன் சீட்டோடு வைத்துப் பார்த்தார். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன, பேஷன்ட்டே சொன்னதா?"

"ஆமா சார்."

"அப்ப சிக்கல் இதுதான். வேற யாராச்சும் மாத்திச் சொல்லியிருந்தாத் தகவல் பிழைன்னு நான் அறிக்கை குடுத்துருவேன். இறந்தவங்களே சொல்லியிருக்காங்க, நினைவும் இருந்திருக்கு. நாளைக்கு மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்ல? நீங்க மனுவுல தெளிவா எழுதணும். என் மனைவி வேண்டுமென்றே பொய்யான பெயரைச் சொன்னார்னு. அதுக்கு நீங்க பொறுப்புன்னு."

"தெரிவித்தார்னு எழுதியிருக்கேன் சார்."

"பாத்தேன். தெரிவித்தார்னா உண்மைன்னும் ஆகும்ல?"

"அவ இறந்துட்டான்னு எழுதித் தர்றேன். பொய் சொன்னான்னு எழுத முடியாது."

"தம்பி, நான் உங்க சம்சாரத்தத் தப்பாச் சொல்லல." பேனாவை மூடினார். "எனக்கு ஒரு வரி வேணும். யோசிச்சிட்டு வாங்க. சாப்பாட்டுக்கு அப்புறமும் இருப்பேன்."

வெளியே வராந்தாவில் வந்து நின்றேன். நான் எழுதாமல் திரும்பினாலும் சங்கிலிமுத்து எதுவும் சொல்லமாட்டான் என்று தெரிந்தது. ராக்கப்பன்தான் முணுமுணுத்தார். "அந்தப் பிள்ள சொன்னது பொய்யின்னா, ஊருல பாதிப் பேரு பொய்யிதான்." பானு மரப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த கோடு தெரிந்தது. கையில் ஒரு நோட்டோடு அலுவலக உதவியாளர் வந்தார். வராந்தாவில் காத்திருக்கிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டுமாம். ராக்கப்பனிடம் கேட்டார், சங்கிலிமுத்துவிடம் கேட்டார்.

"உங்க பேரும்மா?"

பானு வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். சொன்னால் எனக்கு வலிக்குமோ என்று பார்த்தாளா, இல்லை சொல்லலாமா என்று அனுமதி கேட்டாளா, தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாகத் தன்னுடையதாக இருந்த பெயரை ஓர் உதவியாளரிடம் சொல்ல முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் பேனாவைத் தட்டினார்.

"பேரு கூடவா மறந்து போச்சு? மசக்கையாம்மா?"

"பானுப்பிரியா" என்றேன் நான். "எழுதிக்கங்க."

உள்ளே போனேன். மனுவின் கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது. சங்கரலிங்கம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனவர் மூடி வைத்துவிட்டுப் பேனாவைத் தந்தார். எழுதினேன். என் மனைவி வேல்விழி தன் உண்மையான பெயரைச் சொல்லவில்லை. தன் தங்கையின் பெயரைச் சொன்னார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். அதற்குமேல் ஒரு காரணம் எழுத வேண்டும் போலிருந்தது. சங்கரலிங்கம் ஒரு வரிதான் கேட்டார், நான் மூன்று எழுதிவிட்டேன். நிறுத்தி, உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்தார். தலையாட்டினார். "இறந்தவங்க போட்டோ ஒன்னு ஒட்டணுமே. பாஸ்போர்ட் சைஸ். கொண்டாந்திருக்கீங்களா?"

இல்லை. பாஸ்போர்ட் அளவில் அவளுக்குப் படமே கிடையாது.

எதிரே ஒரு ஸ்டுடியோ இருந்தது. ஜெராக்ஸ், லேமினேசன், அவசரப் படம். உள்ளே இருபத்தைந்து வயது பையன், விக்னேஷ்குமார் என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. போனில் இருந்த படங்களைத் தள்ளிப் பார்த்தேன். எதிலும் அவள் நேராகப் பார்க்கவில்லை. ஒன்றில் மட்டும் பார்த்திருந்தாள், வெம்பக்கோட்டை அணைக்கட்டில் எடுத்தது. பக்கத்தில் நான், அவள் தோளில் கை போட்டபடி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள்.

"இது போதும் சார்" என்று கேபிளை மாட்டினான். திரையில் நாங்கள் இருவரும் பெரிதாக வந்தோம். "உங்கள வெட்டிரட்டுமா?"

"வெட்டிருங்க."

ஒரு கோடு போட்டான். நான் போய்விட்டேன். அணைத் தண்ணீரை அழித்து நீலத்தைக் கொட்டினான். அவள் முகம் மட்டும் நீலத்தின் நடுவில் நின்றது. மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"தோள்ல உங்க விரல் இருக்கு சார். நாலு விரல். அளிச்சிரட்டுமா? ரெண்டு நிமிசம்தான்."

"ஆபீஸ்ல வேண்டாம்பாங்களா?"

"முகம் தெரிஞ்சாப் போதும் சார். நம்ம இஷ்டம்தான்."

"இருக்கட்டும்."

அச்சு இயந்திரம் கொஞ்ச நேரம் முனகியது. எட்டுப் படங்கள் ஒரே தாளில் வந்தன, இரண்டு வரிசையாக. ஓரத்திலிருந்து ஒன்றை மட்டும் வெட்டி ஒரு சிறிய உறையில் போட்டுத் தந்தான். மீதியையும் வெட்டவா என்று கத்தரியைத் தூக்கினான். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். மை இன்னும் காயவில்லை, ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். சாலையைக் கடக்க ஒரு லாரிக்காக நின்றபோது தாள் காற்றில் படபடத்தது. ஒரு மூலை காலியாக, ஏழு வேல்விழிகள். ஏழு தோளிலும் விரல்கள்.